செவ்வாய்க்கிழமை கூப்பிடறோம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் டொலீடோ ஊரில் கதை விளைகிற இடங்கள் அவ்வளவுதான். அங்கிருந்த வானொலியில் ஒருவர் எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். (அமெரிக்கக் கால்பந்து. கையால் ஆடுவது. ஏன் அந்தப் பெயர் என்று என்னிடம் கேட்காதீர்கள்.) டெல்வின் ப்ரூசார்ட் என்ற பெயர் வந்ததும், "அவனா? ஒப்புக்குச் சப்பாணி. சி மைனஸ். சும்மா குடுத்தாலும் வேற எந்த டீமும் எடுக்காது" என்றார். பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர்கூட வலியோடு தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வானொலிக்காரர் ஆயுசில் ஓடிய ஒரே தூரம் சோபாவிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும்தான்.

2

தொடக்கங்கள்.

"ஏரிக்காற்று மைதானத்தின் மேல்" — வேண்டாம். காற்றில் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.

"முப்பத்து மூன்று வயதில் ஒருவன் கிழவனாகிவிடுகிற தொழில்களில்" — இது கட்டுரை. அதுவும் மோசமான கட்டுரை.

"டெல்வின் பந்தைப் பிடிக்கவே பிறந்தவன், ஆனால்" — 'ஆனால்' தாண்டி நகரவில்லை. உண்மையில் அவன் பந்தை அதிகம் பிடிப்பதே இல்லை. அவன் மாற்று ஆட்டக்காரன். வரிசையில் அவனுக்கு முன்னால் இருக்கிற மூவரில் ஒருவனுக்குக் கால் பிசகினால் உள்ளே போகிறவன். போனாலும் பந்தோடு ஓடுவது வேறொருவன். அவனைப் பிடிக்கப் பாய்ந்து வருகிறவனைத் தோளால் முட்டித் தள்ளுவது இவன் வேலை. கைதட்டல் ஓடினவனுக்கு, சுளுக்கு இவனுக்கு. ஒன்பது வருடமாக இப்படித்தான்.

நேரே விஷயத்துக்கே போய்விடுகிறேன்.

3

ஆட்டப் பருவத்தின் முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழனன்று, ஆட்டக்காரர்களை எடைபோட்டு விலை சொல்கிற அதிகாரி கார்டன் ஸ்ட்ராண்ட் டெல்வினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டெல், உனக்குத் தெரியாததில்ல. நாளைக்கு டீம் லிஸ்ட்லேந்து உன் பேர எடுத்துடறோம். ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடியட்டும். செவ்வாய்க்கிழமை கூப்பிடறோம்."

டெல்வினுக்குத் தெரியும். அவனைப் போன்ற பழைய ஆள் முதல் ஆட்டத்தன்று அணியில் இருந்தால், பருவம் முழுவதற்கும் சம்பளம் உறுதி; நடுவில் நீக்கினாலும் கொடுத்தாக வேண்டும். அதனால் அதற்கு முன்பே நீக்கிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் வாராவாரம் கூலி, எந்த வாரமும் வாசலைக் காட்டலாம். சட்டப்படி எல்லாம் சரி. எழுத்தில் ஒன்றும் இருக்காது. கையைக் குலுக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். டெல்வின் இரண்டு வருடம் குலுக்கியிருக்கிறான். (இரண்டு வருடமும் கூப்பிட்டார்கள். இதையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் எனக்கும் அந்த வானொலிக்காரருக்கும் என்ன வித்தியாசம்?)

"நடுவுல வேற டீம் கேட்டா?" என்றான் டெல்வின்.

ஸ்ட்ராண்ட் சிரித்தார். "யாரு கேக்கப் போறா? அதனாலதான உன்னைத் தைரியமா வெளிய விடறோம். புதுசா எடுத்தவன விட்டா அரை நாள்ல கொத்திட்டுப் போயிடுவானுங்க. நீ பத்திரம், டெல்."

யாரும் சீந்த மாட்டார்கள் என்பதுதான் அவனுடைய மதிப்பு. அதையும் முதுகில் தட்டி, பாராட்டாகச் சொல்ல ஒரு மனிதருக்கு வாய் வருகிறது. எனக்கு அந்த வாயை எழுதவே கூசியது. டெல்வின் கை குலுக்கிவிட்டு வந்தான்.

4

ஸ்ட்ராண்டை என்ன செய்வது? வெறும் வில்லனாக விட்டால் கதை மலிந்துவிடும் என்று, அவருக்கு ஒரு நோயாளி மகளைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பத்தி தாண்டுவதற்குள் மனிதர் அந்த மகளையும் எடைபோட ஆரம்பித்துவிட்டார். மகளை எடுத்துவிட்டேன். (அவள் நலம். கதைக்கு வெளியே இருக்கிற எல்லாருமே நலம்.)

டெல்வின் மீதும் எனக்குச் சந்தேகம். மிதமிஞ்சி நல்லவனாகிக்கொண்டே போகிறான். ஆகவே சொல்லிவைக்கிறேன்: அவன் புளுகன். பத்து கஜம் ஓடினதை முப்பது என்பான், கொட்டுகிற மழையில் என்பான். மனைவி ரெனீட்டாதான், "அன்னிக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு" என்று எல்லார் முன்னாலும் திருத்துவாள்.

5

வெள்ளிக்கிழமை காலை பெயரை எடுத்தார்கள். மதியமே தொலைபேசி வந்தது. பேசியவர் வேன்ஸ் பிக்கெட், ஓமஹா அணியின் பயிற்சியாளர். ஞாயிற்றுக்கிழமை டொலீடோ மோதப்போவது அந்த ஓமஹாவோடுதான்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுடு. ஞாயித்துக்கிழமை எங்க ஆளா இருப்ப. வருஷம் பூரா சம்பளம் உறுதி."

"என் ஆட்டத்தப் பாத்திருக்கீங்களா?"

"ஆட்டமா?" பிக்கெட் கொஞ்சம் தயங்கினார். "உங்காளுங்க மைதானத்துல கையால சைகை காட்டறாங்கல்ல, அதெல்லாம் உனக்கு அத்துப்படிதான?"

இந்த ஆளாவது பூசி மெழுகவில்லை. ஆக, டொலீடோவுக்கு டெல்வினின் மதிப்பு, அவனை யாரும் கேட்காதது. ஓமஹாவுக்கு அவன் மதிப்பு, அவன் காட்டிக்கொடுக்கக்கூடியது. ஒன்பது வருடம் தோளைத் தேய்த்த அந்த ஆட்டத்துக்கு விலை சொல்ல இந்த நாட்டில் ஒரு நாதியில்லை.

ரெனீட்டா சமையலறையில் கோழி பொரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் என்ன யோசன?"

"கை குடுத்திருக்கேன்."

"கையத்தான குடுத்த, கழுத்தக் குடுக்கலையே."

"அந்த சைகைய எல்லாம் புதுப் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான், ரெனீட்டா. நாளைக்கு நானே போயி எதிராளிகிட்ட ஒப்பிக்கறதா?"

"செவ்வாய்க்கிழமை கூப்பிடலைன்னா அந்தப் பசங்களா வந்து நிப்பாங்க? உனக்கு இதான் கடைசி வருஷம், டெல். அதுவும் அவங்க குடுத்தாத்தான்."



6

முடிவுகள்.

அ. டெல்வின் வாக்குத் தவறாமல் வீட்டிலேயே இருக்கிறான். அவனுக்கு முன்னால் இருக்கிற மூன்று பேரும் ஆட்டத்திலிருந்து முழுக்காலோடு திரும்புகிறார்கள். செவ்வாய்க்கிழமை தொலைபேசி மணி — இல்லை, அடிக்கவில்லை. வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எனக்குக் கண்ணீர் வியாபாரம் பழக்கமில்லை.

ஆ. போகிறான். ஓமஹா ஜெயிக்கிறது. சும்மா கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள் என்ற வாயே வானொலியில் "துரோகி" என்கிறது. இதை ரசித்து எழுதினேன். எழுதிய பிறகுதான், டெல்வினை விட்டுவிட்டு வானொலிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

இ. டொலீடோ ஆட்டக்காரன் ஒருவனுக்கு அடிபடுகிறது. ஸ்ட்ராண்ட் ஓடோடி வந்து டெல்வினிடம் கெஞ்சி — எழுதும்போதே சிரித்துவிட்டேன். ஸ்ட்ராண்டுகள் கெஞ்சியதாகச் சரித்திரமே இல்லை.

7

சனிக்கிழமை சாயங்காலம். கையெழுத்துப் போட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. விஷயம் காதுக்கு எட்டி ஸ்ட்ராண்டே கூப்பிட்டார்.

"ஓமஹாக்காரன் பேசினானாமே. டெல், நீ வாக்குக் குடுத்திருக்க."

"குடுத்தேன். நீங்க என்ன குடுத்தீங்க?"

"என்ன இப்படிப் பேசற. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

"அப்ப இப்பவே என் பேரச் சேருங்க. நேரம் இருக்கு."

மறுமுனையில் யாரோ காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை..." என்று ஆரம்பித்தார் ஸ்ட்ராண்ட்.

அவர் முடிப்பதற்குள் டெல்வினின் கைபேசி இன்னொரு அழைப்பைக் காட்டியது. ஓமஹா. அந்தப் பழைய கைபேசியில் ஸ்ட்ராண்டைத் துண்டித்தால்தான் அதை எடுக்க முடியும். அடுப்பை அணைத்துவிட்டு ரெனீட்டா அவன் முகத்தையே பார்த்தாள்.

இங்கே நான் கையை எடுத்துக்கொள்கிறேன். பொத்தானை நீங்களே அழுத்துங்கள். அடுத்தவன் பிழைப்பை வைத்து விசுவாசம் பேசுவது நமக்கெல்லாம் கைவந்த கலை, தாராளமாகப் பேசலாம். ஆனால் எதை அழுத்தினீர்கள் என்று எனக்கு எழுதிவிடாதீர்கள். டெல்வினுக்காக எதை அழுத்துவீர்கள் என்று எனக்குத் தெரியும். அது உங்கள் கைபேசியாக இருந்தால் எதை அழுத்துவீர்கள் என்றும் தெரியும்.