ஓதுவார் எழுதிக் கொடுத்த ‘பார்க்கலாம்’

படம் பார்க்கத் தக்கதா என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் அந்தத் திரையரங்கில் உள்ளே விடுவார்கள். எழுதியதைச் சரிபார்ப்பது படத்தில் நடித்த ஆடு. ஏற்ற தாளைத் தின்றுவிடும். ஏற்காததைத் திருப்பித் தரும். இதில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

ஓதுவார் மாசிலாமணி தேசிகர் நெற்றியில் நீறு துலங்க, மூக்குக்கண்ணாடியோடு வரிசையில் நின்றார். அருகே மனைவி செங்கமலம். தங்கை இறந்த நாள்முதல் ஈராண்டாக அவள் சிரிக்கவில்லை. அன்று காலை சுவரொட்டியில், படத்துக் குடும்பத் தலைவரின் மூக்குக்கண்ணாடியை ஒரு வாத்து அணிந்திருக்கக் கண்டாள். அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அது அடங்கிப்போகுமுன் அவளைப் படத்தின் முன்னே உட்கார்த்திவிட வேண்டும்.

தேசிகர் ‘பார்க்கலாம்’ என்று எழுதி நீட்டினார்.

ஆடு முகர்ந்தது. “எப்போ?”

“பார்க்கத் தகுந்த படம்ங்கிற பொருள்ல எழுதினேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. ஐயா இதுவரைக்கும் சொன்ன ‘பார்க்கலாம்’ பூரா உள்ள நிக்கிது. தாண்டிப் போங்க.”

தாளைத் திருப்பித் தந்து கதவைத் திறந்தது. நெடிய நடைகூடம். இருபுறமும் தூண்கள். மறுகோடியில் திரை ஓர் அகல்சுடர் அளவே தெரிந்தது.

“இது குத்தாலம்,” என்றாள் செங்கமலம், முதல் தூணைத் தொட்டு. “கல்யாணமான வருஷம் போகலாமான்னு கேட்டேன். ‘பார்க்கலாம்’னீங்க.”

“அடுத்தது?”

“நாய்க்குட்டி. மூணு தடவை கேட்டேன். மூணு தூணு இருக்கு பாருங்க.”

ஏழாம் தூணருகே அவள் நின்றுவிட்டாள்.

“தங்கச்சிக்கு முடியலையாம், ஒரு எட்டு போய்ட்டு வந்துரலாமான்னு கேட்டேங்க.”

  அவர் தாளில் ‘காண்டற்குரியது’ என்று திருத்தினார்.

“கல்வெட்டுக்குச் சரியா வரும்,” என்று பின்னாலேயே வந்திருந்த ஆடு திருப்பித் தந்தது.

‘பார்ப்போம்’ என்று எழுதினார். நடைகூடத்தில் மேலும் நான்கு தூண்கள் முளைத்தன. திரை மறைந்தது.

தேசிகர் ஏழாம் தூணடியில் உட்கார்ந்தார்.

“போயிருக்கணும், செங்கமலம். நான்தான் தள்ளிப்போட்டேன்.”

 அவள் அருகில் அமர்ந்தாள்.

அப்போது மறுகோடியிலிருந்து படத்தின் யானையும் வாத்தும் நடந்து வந்து, எதிரே வசதியாக அமர்ந்தன.

“இது என்ன படம்?” என்றது யானை.

“குடும்பப் படம்,” என்றது வாத்து.

“பார்க்கலாமா?”

வாத்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டது. “பெரியவர் வர்ற இடமெல்லாம் ஒரே இழுவை. அந்தம்மாவுக்காக உட்காரலாம்.”

தேசிகர் தம் மூக்கைத் தடவினார். கண்ணாடி இல்லை.

“என்னங்க,” என்றாள் செங்கமலம், “உங்க கண்ணாடி உங்களைவிட அந்த வாத்துக்குத்தான் எடுப்பா இருக்கு.”

சொல்லி முடிக்குமுன் சிரித்துவிட்டாள். தூண்கள் அதிர்ந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் சிரித்தாள்.

கண்ணாடியின்றி, தடவித் தடவி, தேசிகர் ஒரே சொல்லை எழுதினார்: ‘பார்த்தேன்.’

“படத்தையா?” என்றது ஆடு.

“இல்லை. இவளை.”

ஆடு தாளை வாங்கிக்கொண்டது. ‘பார்த்’ வரை மளமளவென்று தின்றது. எஞ்சிய தேனை மட்டும், அவசரமில்லாமல், நக்கிக்கொண்டிருந்தது.