இருபத்து மூன்றாம் ஆண்டுக் காசு

முனிரத்தினம் அந்த வெள்ளிக் காசுக்குச் சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்டபோது பேச்சிராஜ் அதை வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டான். ஆனால் முனிரத்தினம் எதையும் வேடிக்கையாகக் கேட்கிறவர் அல்ல. மண்ணூரில் பதினாறு அறைகள் கட்டி, தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்த ஒரு தகுதியிலேயே தென்மாவட்டத் தொழிலாளர் நலச் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆகியிருந்தார். தெற்குத் திசையில் அவர் அதிகபட்சம் போயிருந்தது மேல்மருவத்தூர் வரைதான்.

"பேப்பர்ல போட்டோ வரும்பா. நாளைக்கு எவனாவது வந்து இது டூப்பு காசுன்னான்னு வெச்சுக்கோ, சங்கத்து மானம் இன்னாவறது? உங்க கம்பெனில லேப் கீதுல்ல? ஒரிஜினல் சீனா வெள்ளின்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கினு வா."

ஆகஸ்ட் பதினைந்து காலை பத்து மணிக்கு இருங்காட்டுக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் பேச்சிராஜின் அப்பா அய்யாத்துரைக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. எண்பத்தேழு வயது அய்யாத்துரைக்கு 'தியாகியின் திருமகனார்' என்று பட்டம் கொடுத்து ஃப்ளெக்ஸ் அடித்தாகிவிட்டது. தியாகி வனமாமலையின் படம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஆகவே ஸ்டுடியோக்காரன் அய்யாத்துரையின் முகத்தையே எடுத்து, ஐம்பது வயதைக் கழித்து, தலையில் ஒரு ராணுவத் தொப்பியையும் வைத்துவிட்டான். ஃப்ளெக்ஸில் தியாகியை விட முனிரத்தினத்தின் தலை பெரிதாக இருந்தது. தியாகிகளை விட தியாகிகளைக் கண்டெடுப்பவர்களுக்குத்தான் இடம் அதிகம் வேண்டியிருக்கிறது.

வனமாமலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் மலேயா ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறினார். அப்போது அய்யாத்துரை வயிற்றில் ஆறு மாதம். கடிதம் வந்தது, பணம் வந்தது, யுத்தம் வந்ததும் இரண்டும் நின்றன. ஐம்பத்திரண்டில் அதே தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய மாரிமுத்து ஒரு வெள்ளிக் காசைக் கொண்டுவந்து அய்யாத்துரையின் அம்மாவிடம் கொடுத்தார். ஜப்பான்காரன் சயாம் காட்டில் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போன இடத்தில், நாற்பத்து மூன்றில், வனமாமலை காலராவில் செத்துவிட்டார், சாகும்போது இதைக் கையில் வைத்து அழுத்தி வீட்டில் சேர்க்கச் சொன்னார் என்றார். அன்று சாயங்காலமே அம்மா தாலியைக் கழற்றினாள். கடிதமில்லாத பத்து வருடம் கழற்றாதவள், ஒரு காசைப் பார்த்துக் கழற்றினாள். அந்தக் காசின் ஒரு பக்கம் யாரோ சீனத் தலைவரின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் இரண்டு பாய் விரித்த கப்பல். "மூக்கு மட்டும் உங்கய்யா மூக்கு மாதியே இருக்கு" என்று அம்மா ஒருமுறை சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எழுபது வருடமாக அய்யாத்துரையின் கட்டைவிரல் அந்தச் சீனக்காரரின் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டது.

காலராவில் ஒருவர் செத்ததை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்ல முடியும்? எண்பதுகளில் அது மலேரியா ஆகி, பிறகு குண்டடியாகியது. குண்டடி பட வேண்டுமானால் ஆள் விடுதலைப் படையில் இருந்தாக வேண்டும். வனமாமலை முதலில் சிப்பாயானார், பின்பு ஹவில்தார் ஆனார், மகனோடு அய்யாத்துரை மண்ணூருக்கு வந்து சேர்ந்தபோது கேப்டன். செத்தவருக்கு இவ்வளவு பதவி உயர்வு கிடைத்த அதே காலத்தில், பேச்சிராஜ் பதினோரு வருடமாக ஒரே கிரேடில் இருந்தான்.

அவன் வேலை செய்தது கார்க் கதவுக்குத் தகடு அடிக்கும் பிரெஸ் ஷாப்பில், தர ஆய்வாளனாக. தகடு அடிக்கும் அச்சான டை தேய்ந்துபோனால் புதிதாகச் செய்யமாட்டார்கள். மழுங்கிய கோடுகளைத் திரும்ப வெட்டிக் கூராக்கி, அதே நம்பரோடு ஓட்டுவார்கள். பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பேச்சிராஜுக்குத் தெரியும். திரும்ப வெட்டிய கோடு பழைய கோட்டின் மேல் சரியாக உட்காராது, ஓரத்தில் மயிரிழை விலகும். அந்த விலகலைக் கண்டுபிடிப்பதற்கு அவனுக்குச் சம்பளம், கண்டுபிடித்ததைச் சொல்லாமலிருப்பதற்கு ஓ.டி.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் காசை லேபுக்குக் கொண்டுபோனான். லேபில் இருந்த ஜாஸ்மின் பென்னலூர்ப் பெண். நாள் முழுக்கத் தகடுகளையே அளந்து அலுத்திருந்தவள்.

"இன்னாண்ணே, புதையலா? எனுக்குப் பாதி குடுத்துரு, யாராண்டயும் சொல்லமாட்டேன்."

உலோகம் பார்க்கிற கருவியை வைத்து அழுத்தினாள். வெள்ளிதான், எண்பத்தெட்டு சதவீதம். போன் கேமராவைக் காட்டி எழுத்தைப் படிக்கவைத்தாள். குடியரசின் இருபத்து மூன்றாம் ஆண்டு என்று வந்தது. சீனக் குடியரசு பிறந்த தொள்ளாயிரத்துப் பன்னிரண்டிலிருந்து விரலை மடக்கி எண்ணி, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி நாலு" என்றாள். "உங்க தாத்தா கப்பலேர்றதுக்கு நாலு வருசம் முன்னாடி. எல்லாம் கரீட்டா கீது. சீல் குத்திரலாமா?"

சீல் குத்தியிருக்கலாம். பேச்சிராஜ் பழக்க தோஷத்தில் காசை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தான். திரையில் கப்பல் பெரிதாக வந்தது. பாய், கயிறு, கீழே அலைகள். திருகைத் திருகி அலைகளுக்குப் போனான். ஒரு கோட்டின் ஓரத்தில் நின்றான். அடுத்த கோடு. அதற்கடுத்தது. விரல் திருகிலேயே இருந்தது.

"இது திரும்ப வெட்டின டை" என்றான்.

"காசுக்குக்கூடவா ரீவொர்க் பண்ணுவானுங்க?"

ஜாஸ்மின் தேடினாள். உலகத்தில் எதற்கும் ஆள் இருக்கிறது. அந்தக் கப்பல் காசின் முதல் அச்சையும் பின்னாளில் அடித்த அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த இடத்தைப் பார், அந்த இடத்தைப் பார் என்று அம்புக்குறி போட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அவள் போனை உயர்த்திப் பிடிக்க, இவன் திரையோடு ஒப்பிட்டான். அலை, பாய், விளிம்புப் பல். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை.

"டூப்பு இல்லண்ணே, கவருமென்ட்டே அடிச்சதுதான். ஆனா அப்பாலிக்கா அடிச்சது. சீனாவுல நோட்டெல்லாம் குப்பையாப் போயி, வெள்ளிய குடுத்தாத்தான் வாங்குவேன்னுட்டாங்களாம். அமெரிக்காவுல குடுத்து மூணு கோடி காசு அடிச்சு எறக்கியிருக்கான். தேதிய மட்டும் மாத்தல. முப்பத்தி நாலுன்னே போட்டு நாப்பத்தொம்பதுல அடிச்சிருக்கான்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடிட்டுக்கு நம்ம பழைய தேதி போட்டு மாட்டுற டேக் மாதிரியே கீது. ஊரு ஒலகமெல்லாம் ஒரே கம்பெனிதான் போலக்கீது!"

பேச்சிராஜ் சிரிக்கவில்லை. விழா அழைப்பிதழ் அவளுக்கும் வாட்ஸப்பில் வந்திருந்தது.

"அண்ணே, உங்க தாத்தா செத்தது நாப்பத்தி மூணுலதான..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

நாற்பத்து மூன்றில் செத்தவர் நாற்பத்தொன்பதில் அடித்த காசைக் கையில் வைத்து அழுத்த முடியாது. கஸ்டமர் புகாருக்குப் பதில் எழுதும்போது ஐந்து தடவை 'ஏன்' கேட்கச் சொல்லிக் கம்பெனியில் பழக்கியிருந்தார்கள். பேச்சிராஜ் கேட்டுப் பார்த்தான். மாரிமுத்து நிஜக் காசைத் தொலைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தாரா? தொலைத்தால் தொலைந்தது என்று சொல்லியிருக்கலாமே, கூலிக்காரர் கைக்காசைப் போட்டு வெள்ளி வாங்குவாரா? யாராவது கொடுத்தனுப்பினார்களா? அப்படியானால் யார்? நான்காவது கேள்வியோடு நிறுத்திக்கொண்டான். ஐந்தாவது கேள்வி, உயிரோடு இருக்கிற ஒருவன் தான் செத்துப்போனதாக வீட்டுக்குச் சொல்லியனுப்புவது ஏன் என்பது. அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை.

சர்டிபிகேட் படிவத்தில் இருந்தது வேறொரு கட்டம். தயாரிப்புத் தேதி. அதை நிரப்பாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஜாஸ்மின் விரலைத் தட்டச்சுப் பலகைக்கு மேலே நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"இன்னா போடட்டும்ணே?"

எத்தனையோ லாட்டுக்கு எத்தனையோ தேதியை அவன் மேனேஜர் சொல்லி மாற்றியிருக்கிறான். ஒரு தடவைகூடக் கை வியர்த்ததில்லை.

"காசுல என்ன போட்டிருக்கோ அதையே போடு."

அவள் முப்பத்து நான்கு என்று அடித்தாள். 'ஏற்கப்பட்டது' என்ற பச்சை முத்திரையைக் குத்தும்போது அவனைப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் முந்நூறு நாற்காலி போட்டு அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதிலும் பாதி, நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து தூங்கிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் சர்டிபிகேட்டைத் தேர்தல் முடிவு போல வாசித்தார்.

"எம்பத்தெட்டு பர்சென்ட் வெள்ளி! கம்பெனி லேப்புல குடுத்துக்கீறான், சீலு பாரு, பச்ச சீலு! தியாகி வூட்டுக் காசுன்னா சும்மாவா?"

கைதட்டினார்கள். எதற்கு என்று தெரியாமல் விழித்துக்கொண்டவர்களும் தட்டினார்கள். பொன்னாடை போர்த்தி, போட்டோவுக்காக இன்னொரு தடவை போர்த்தி, மைக்கை அய்யாத்துரை கையில் கொடுத்தார்கள். கேப்டனின் கதை வரும் என்று பேச்சிராஜ் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். வரவில்லை. அப்பா ஃப்ளெக்ஸில் தொப்பி வைத்திருந்த தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கய்யாவ நான் பாத்ததில்ல" என்றார். "சாவாம இருந்திருந்தா ஒரு நடையாவது வந்திருப்பாவ. புள்ள மொகத்தப் பாக்காம இருக்கப்பட்ட ஆளு இல்ல அவிய. அவ்வளவுதான். எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பாடு தக்காளி சாதம்.

மண்ணூருக்குத் திரும்புகிற ஷேர் ஆட்டோவில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். பொன்னாடை மறுபடியும் பாலித்தீன் கவருக்குள் போய் அப்பாவின் மடியில் இருந்தது. காசு கையில். சுதந்திர தினத்துக்காகக் கண்டெய்னர் லாரிகள் ஒன்றும் நிற்கவில்லை. ஒவ்வொன்று கடக்கும்போதும் ஆட்டோ ஒதுங்கி நடுங்கியது.

"ஏல, மெசின்ல எந்த வருசம்னு காட்டிச்சு?"

"முப்பத்தி நாலுப்பா. சர்டிபிகேட்ல போட்டிருக்கே."

அப்பா தலையாட்டினார். ஒரு லாரி போனது. அடுத்ததும் போகட்டும் என்று காத்திருந்தார்.

"மாரிமுத்து மாமா காசக் கொண்டாந்தப்ப எனக்குப் பதினாலு வயசு. எங்கய்யா எப்பம் செத்தாவன்னு கேட்டேன். நாப்பத்தி மூணுன்னாரு. அவரும் ஒன்ன மாதிதாம்ல. ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு."

பேச்சிராஜ் அப்போதுதான் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்தான். அப்பாவின் முகத்தில் கோபம் இல்லை. அங்கே என்ன இருந்தது என்று அளக்க அவனிடம் கருவி இல்லை.

"அன்னைக்கே தெரியுமாப்பா?"

"தெரியும்னு சொல்ல முடியுமா? அம்மை பக்கத்துல நிக்கா. தாலியில கை வச்சுட்டா. அதுக்கு மேல என்னத்தக் கேக்க? அப்புறம் செத்த ஆளு செத்த ஆளுன்னு நானே சொல்லிச் சொல்லி..." கவருக்குள் மினுங்கிய பொன்னாடையை விரலால் தட்டினார். "நெசத்தச் சொல்லுல. எந்த வருசம்?"

"நாப்பத்தொம்பதுப்பா."

அவர் உதடு அசையாமல் கணக்குப் போட்டார். ரொம்ப நேரம் ஆகவேண்டிய கணக்கு அல்ல. ரொம்ப நேரம் ஆனது.

"எனக்குப் பதினொண்ணு" என்றார். "அந்த வருசந்தான் அம்மை என்னயப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தி டீக்கடைல டம்ளர் கழுவ விட்டா. தகப்பன் இல்லாத புள்ளைன்னு கடைக்காரரு மத்தியானம் சோறு குடுத்தாரு." கவரை மடியில் சரிசெய்துகொண்டு, "எங்கய்யாவும் அன்னைக்கு எங்கயோ சாப்பிட்டுத்தான் இருந்திருப்பாவ, என்ன?" என்றார். அதைக் கேள்வியாகத்தான் கேட்டார்.

"ஆமாப்பா."

"நல்லது."

ஆட்டோ மண்ணூர் திருப்பத்தில் நின்றது. இறங்கச் சொல்லி பேச்சிராஜ் கையை நீட்டினான். அப்பா இறங்கவில்லை. முகம் இருந்த பக்கத்தைக் கீழே கவிழ்த்து, எழுபது வருடமாக அதிகம் பார்க்காத பக்கத்தை வெயிலில் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் படாத அலைகள் இன்னும் கூராக இருந்தன.

"ஏல, நீ பெருசாக்கிப் பாத்தியே. இந்தக் கப்பலு வருதா, போவுதா?"

நூறு மடங்கு பெரிதாக்கி ஒவ்வொரு அலையாக அவன் பார்த்திருந்தான். அதை மட்டும் பார்க்கவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அப்பா கப்பலை உள்ளங்கையில் மெதுவாகத் திருப்பினார், அது அவரைப் பார்த்து நிற்கும்வரை.