வேருக்குள் ஒன்பதாம் எண்

"இது காட்டுல பேத்துட்டு வந்த செடி மேம்! புகாரும் எழுதியே தந்துட்டேன்!"

தியோஸ்தாதோ போட்ட கூச்சலில் பூக்கண்காட்சிப் பந்தலே திரும்பிப் பார்த்தது. தாவோ நகரத் திருவிழா. காலை எட்டரை மணி. பத்து மணிக்கு நடுவர்கள் வருவார்கள்.

அவன் விரல் நீட்டியது கிளாரிட்டாவின் ஆர்க்கிட் பூச்செடியை, மலைக்காட்டு மரங்களில் தொற்றி வளரும் வாலிங்-வாலிங்கை நோக்கி. இரண்டு தண்டு, பதினாலு பூ. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மேல் பாதி இளஞ்சிவப்பு, கீழ் பாதியில் பழுப்பின் மேல் ரத்த நாளம் மாதிரி கோடுகள். ஒன்பது வருட வளர்ப்பு.

வனத்துறை அதிகாரி அபெல்லானா குனிந்து பார்த்தாள். அடித்தண்டு கட்டையாகக் கறுத்திருந்தது.

"பாத்தா கிழட்டுச் செடியாத்தான் இருக்கு. அப்போ மலையில எடுத்ததுதானா? மலைச்செடின்னா பறிமுதல்தான். நாத்துப் பண்ணை ரசீது இருக்கா?"

"கரையான் தின்னுடுச்சு மேம்," என்றாள் கிளாரிட்டா.

"எல்லா வீட்டுக் கரையானும் ரசீதைத்தான் தின்னுது!"

கிளாரிட்டாவின் கணவன் நார்சிசோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். "டேய் திருடா! என் பனியனைத் திருடினது பத்தாதா? இப்போ செடியுமா?"

"ஆரம்பிச்சுட்டான்யா!" என்றான் தியோஸ்தாதோ. "நான் எடுக்கலைன்னு ஒன்பது வருஷமாச் சொல்றேன்!"

பேட்டை கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் நார்சிசோ கடைசிப் பந்தைப் போட்டு ஜெயித்தபோது போட்டிருந்த மஞ்சள் பனியன். எண் ஒன்பது. மறு வாரமே கொடியிலிருந்து காணாமல் போனது. தோற்ற அணியில் ஆடியவனும் அடுத்த வீட்டுக்காரனும் தியோஸ்தாதோதான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

கிளாரிட்டா செடி தொங்கிய மரக்கூடையைப் பார்த்தாள். ஆதாரம் இருக்கிறது. அந்த வேர்க்கொத்துக்கு உள்ளேயேதான் இருக்கிறது. அதைக் கணவன் எதிரில் காட்ட வேண்டுமே!

"வண்டியில ஏத்துங்க," என்றாள் அபெல்லானா.

ஊழியர் ஒருவர் கூடையைத் தூக்கினார். பூக்கள் குலுங்கின. அவ்வளவுதான், கிளாரிட்டாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேம், நில்லுங்க! பண்ணையில பாட்டிலுக்குள்ள வளர்த்து வித்த நாத்தை வாங்கி நான்தான் மரத்துண்டுல துணி வச்சுக் கட்டினேன். வேருக்கு அடியில அந்தத் துணி இன்னும் இருக்கு."

"எங்க?" என்று தியோஸ்தாதோ கையை விட்டான். மடக்!

ஒரு வேர் ஒடிந்தது. கிளாரிட்டா அவன் கையிலேயே ஓங்கி ஒன்று வைத்தாள்.

"காஞ்ச வேர் தீக்குச்சிடா! பூவுல புள்ளி விழக்கூடாதுன்னு இன்னிக்குத் தண்ணியே ஊத்தல. ஒரு வாளித் தண்ணி கொடுங்க மேம். பதினஞ்சு நிமிஷம் ஊறட்டும்."

அபெல்லானா கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினஞ்சுதான்."

வாளி வந்தது. தொங்கும் வேர்களை மட்டும் கிளாரிட்டா தண்ணீரில் இறக்கினாள். இலை நனையவில்லை, நடுக்குருத்தில் சொட்டு நின்றாலும் செடி அழுகிவிடும். சாம்பல் வெள்ளையாக இருந்த வேர்கள் மெல்லப் பச்சையாக மாறின.

"இதுக்குத் தொட்டி, மண்ணு எதுவும் கிடையாதா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

"மண்ணுல வச்சா மூச்சு முட்டிச் செத்துப்போகும். காத்துல தொங்கணும். காலை வெயில், சாயங்காலம் நிழல். தண்ணி விடியக்காலைல மட்டும்." வாய் பேசியது. கண் நார்சிசோ மேலேயே இருந்தது.

நேரம் முடிந்தது. நூடுல்ஸ் மாதிரித் துவண்ட வேர்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். ஒன்றுகூட ஒடியவில்லை. கடைசி வேருக்குக் கீழே, பழைய அடித்தண்டைச் சுற்றி விரல் நுழையும் அளவு வளையமாக ஒரு முடிச்சு. மஞ்சள் துணி. அதன் நுனியில் கறுப்பாக ஒரு ஒன்பது.

அபெல்லானா முடிச்சை விரலால் அளந்தாள். "வளையம் இத்துனூண்டு, வேரெல்லாம் இதுக்கு மேலதான் வளர்ந்திருக்கு. நாத்தா இருக்கும்போது கட்டினதுதான். கூடையை இறக்கி வைங்க."

கிளாரிட்டா மூச்சு விட்டாள். ஆனால் பக்கத்தில் ஒருவன் மூச்சு விடவே இல்லை.

"இது... என் பனியன்," என்றான் நார்சிசோ.

"நைலான். மக்காது, தண்டை அறுக்காது, இழுத்தா நீளும். அன்னிக்குக் கைக்கு அதுதான் கிடைச்சுது."

"ஒன்பது வருஷமா நான் இவனைத் திருடன்னு..."

தியோஸ்தாதோ தொண்டையைச் செருமினான். "மேம், என் புகாரைக் கிழிச்சுடுங்க. என்னைத் திருடன்னு சொன்னதுக்கு வேற ஒண்ணு எழுதணும். பேப்பர் இருக்கா?"

நார்சிசோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தன் காபிக் கோப்பையை எடுத்து அவன் கையில் திணித்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"மீதிப் பனியன் எங்கடி?"

கிளாரிட்டா பூவிலிருந்து ஒரு தூசியை ஊதினாள்.

"வீட்டுல இன்னும் பதினோரு செடி தொங்குதே, பாக்கலையா?"