ஐந்தாவது வரி

ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரர் காரில் ஏறிப் போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, லோடர் யேசுதாஸ் தள்ளுவண்டியோடு வந்து ஸ்டூல்களைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். வருடத்துக்கு இரண்டு நாள்தான் அவை ஸ்டோரை விட்டு வெளியே வரும். ஆடிட் அன்றைக்கு உட்கார, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க. நீல மெத்தை, மேலே சுற்றிய பாலிதீனைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. மற்ற ஒன்பது பேரும் யாரும் சொல்லாமலே எழுந்துகொண்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"எய்ந்திரும்மா ஜோதி, வண்டியில ஏத்தணும்."

"இது எனக்கு வேணும்ண்ணா. மத்ததை எடுத்துக்கினு போங்க."

யேசுதாஸ் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடப் போனார்.

கும்மிடிப்பூண்டியில் கார் சுவிட்ச் பூட்டுகிற கம்பெனி எங்களுடையது. பத்துப் பெண்கள் வரிசையாக நின்று வேலை செய்வோம். ஒருத்தி ஸ்பிரிங் வைப்பாள், அடுத்தவள் மூடி போடுவாள், சுவிட்ச் கைக்குக் கை மாறிப் போகும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். சுவரில் 'எங்கள் அணியின் உடன்படிக்கை' என்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறது. அடியில் பத்துப் பேர் கையெழுத்து, என்னுடையதும்தான். ஐந்தாவது வரி: விரும்புகிறவர்கள் உட்கார்ந்து வேலை செய்யலாம். உட்காரக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை, ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. சேர்ந்த அன்றைக்கு, "ஸ்டூல் எங்கக்கா?" என்று கேட்டேன். பக்கத்து இடத்துக் குப்பம்மாள் அக்கா ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதோடு அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

நாலு வருடம் ஆச்சு. இடது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்து நிற்கிறது. ஆரம்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. இனியும் நின்றே வேலை செய்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காண்ட்ராக்ட் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதைப் புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் சூப்பர்வைசர் வசந்தகுமார் கையில்.

அவரே வந்தார். "இன்னா ஜோதிலட்சுமி, வெளையாடுறியா? ஆடிட்டுதான் முடிஞ்சிடுச்சே."

"அவரு என்னாண்ட இன்னா கேட்டாரு சார்? தெனம் உக்காந்துதான் வேலை செய்றீங்களான்னு. நீங்கதான் பக்கத்துல நின்னுகினு தமிழ்ல சொன்னீங்க. நானும் ஆமான்னேன். அவரு எழுதிக்கினாரு. என்னைப் பொய் சொன்னவளா ஆக்காதீங்க சார்."

வரிசைக் கடைசியில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ எய்ந்திருக்கிற வரைக்கும் லைன் ஓடாது. டார்கெட் முடியலைன்னா ஞாயித்துக்கெழமை பத்துப் பேரும் வாங்க" என்று லைனுக்கு வரும் கரண்ட்டை அணைத்தார். கெட்டிக்காரர். தன்னால் முடியாததை இந்த ஒன்பது பேரை விட்டுச் செய்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும்.

"எய்ந்திருடி" என்றாள் குப்பம்மாள் அக்கா. "உன்னால எல்லாருக்கும் பேஜாரு."

"நீயும் உக்காருக்கா. உன் ஸ்டூலு அதோ, வண்டியிலதான் கீது."

"பதினோரு வருசமா நின்னுகினு கீறேன்டி. வயித்துல புள்ளைய வெச்சிக்கினு எட்டு மாசம் நின்னேன். இன்னிக்கு நீ பாட்டுக்கு உக்காந்துட்டா, அப்போ நான் நின்னது எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அவளை நினைத்து அழுகை வந்தது, கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. நீ நின்றாய் என்பதற்காக நானும் நின்று சாக வேண்டுமா?  ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் லைன் நின்றே கிடந்தது. வெளியே லோடுக்குக் காத்திருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். வசந்தகுமார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லைனைப் போட்டார்.

"மாசக் கடைசியில பாத்துக்கறேன்."

"பாருங்க சார்" என்றேன்.

குப்பம்மாள் அக்கா ஸ்பிரிங் வைத்து முடித்த சுவிட்சை நீட்டினாள். எப்போதும் நெஞ்சளவில் நீட்டுகிறவள், இப்போது என் தலைக்கு மேலே, எழுந்தால்தான் கிடைக்கும் என்கிற உயரத்தில் பிடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உடம்பை நீட்டி, எட்டி வாங்கி, மூடி போட்டு அடுத்தவளிடம் கொடுத்தேன். அடுத்ததை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்தினாள். தோள்பட்டை இழுத்தது. ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் இரண்டு பாதத்தையும் கோத்துக்கொண்டு, அதையும் எட்டி வாங்கினேன்.