டேப்லட்டில் வரும் டாக்டர்

புவனேசனின் கட்டைவிரலில் ஏறியிருந்த செம்பனை முள்ளைக் குணசுந்தரி ஊக்கால் கிளறிக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணி. அவன் வெட்டித் தள்ளிய குலைகள் பாதையோரம் கிடந்தன. அவள் உதிரிப்பழம் பொறுக்கிப் போட்ட சாக்கு பாதி நிரம்பியிருந்தது.

"கைய ஆட்டாம இருங்க. உள்ள போயிடும்."

"போகட்டுமே. உள்ளேயே மொளைச்சி மரமா வந்தா கம்பெனிக்கு ஒரு கன்னு மிச்சம்."

முள் வந்தது. விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினான். பிறகு எழுந்து, அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தூக்கினான். கம்பு பாதி உயரம் போய்ச் சாய்ந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைத் தேய்த்தபடி குலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"காத்து அடைச்சிருக்கு. ரெண்டு ஏப்பம் விட்டா சரியாயிடும்."

ஏப்பம் வரவில்லை. வேர்வை வந்தது. அறுப்புக்காரனுக்கு வேர்ப்பது புதிதில்லை. ஆனால் அவன் உதடு சாம்பல் பூத்திருந்தது. குணசுந்தரி சாக்கை அப்படியே விட்டாள்.

"வாங்க, சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"ஸ்லிப் இல்லாமலா? பொந்தேங் போடுவாங்க. வீட்டுக்கு வெளிய சாமான அடுக்கணுமா?"

வேலை நேரத்தில் காட்டை விட்டு வெளியே போக, தோட்டத்துக் கிளினிக்கில் ஸ்லிப் வாங்க வேண்டும். வாங்காதவன் வேலைக்கு வராமல் ஏமாற்றியவன். அவன் பெயருக்கு நேரே பொந்தேங் என்று விழும். வருடத்தில் மூன்று பொந்தேங் விழுந்தால் வேலையும் போகும், லயத்தில் இருக்கும் கம்பெனி வீடும் போகும். புவனேசனுக்கு ஏற்கனவே இரண்டு இருந்தன. ஒன்று, கூலிமில் அவன் அண்ணன் செத்த நாள். இன்னொன்று, ரேகை தேய்ந்துபோன அவன் விரலை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வைத்திருந்த வருகைப் பதிவு எந்திரம் ஏற்றுக்கொள்ளாத நாள். அன்று அவன் இரண்டு டன் குலை வெட்டியிருந்தான். எந்திரத்தைப் பொறுத்தவரை அவன் வரவில்லை.

குணசுந்தரி மோட்டார் சைக்கிளை ஓட்டினாள். பின்னால் அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கிளினிக்கில் மூன்று வருடத்துக்கு முன்புவரை ஒரு டிரெஸர் இருந்தார். ஊசி போடுவார், நாடி பார்ப்பார், ஆபத்தென்றால் எவரையும் கேட்காமல் வேனைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்புவார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்குக் கம்பெனி ஆள் போடவில்லை. ஒரு டேப்லட்டை இரும்புக் காலில் நிறுத்தியது. திறப்பு விழாவில் மேனேஜர் ரிப்பனை மூன்று முறை வெட்டினார், படம் சரியாக விழும்வரை. கோலாலம்பூரில் இருக்கும் டாக்டர் அந்தக் கண்ணாடியில் தோன்றி நோயைக் கேட்பார்; அவர் அனுமதித்தால் பக்கத்திலுள்ள பெட்டியிலிருந்து ஸ்லிப் வரும். டேப்லட்டைப் பார்த்துக்கொள்ள, ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்த பிரேமாவதிக்கு ஒரு நாள் பயிற்சியும் ஒரு நீலக் கோட்டும் கொடுத்தார்கள்.

அவர்கள் போனபோது பெஞ்சில் செல்லாயி மட்டும் இருந்தாள். களைமருந்து பட்டுக் கொப்புளித்த காலை நீட்டி வைத்திருந்தாள். டேப்லட்டில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னாக்கா, டாக்டர் வரலியா?"

"வந்துட்டாரு. ஏழரை மணியிலேர்ந்து சுத்திக்கிட்டிருக்காரு," என்றாள் செல்லாயி. "நவக்கிரகம் சுத்துறாப்ல. ஒம்போது சுத்து முடிச்சாத்தான் வரம் கொடுப்பாரு போல."

புவனேசன் சிரிக்கப் பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தான். பிரேமாவதி அவன் முகத்தைப் பார்த்ததும் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி மேசைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஓர் இளைஞன் மலாயில் வணக்கம் சொன்னான். பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வந்தான்.

"சொல்லுங்கக்கா, என்ன பிரச்சன?"

"வைஃபை இருக்குன்னு காட்டுது தம்பி. ஆனா இன்டர்நெட் இல்லன்னு கீழ எழுதுது. இங்க ஒருத்தருக்கு நெஞ்சு வலி. சீக்கிரம் லா."

"ஓகே. மொதல்ல வைஃபைய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

பண்ணினாள். வட்டம் சுற்றியது.

"இப்ப ஏர்ப்ளேன் மோட் போடுங்க. முப்பது எண்ணிட்டு எடுங்க."

பிரேமாவதி வாய்விட்டு எண்ணினாள். புவனேசன் குனிந்து தரையில் எச்சில் துப்பினான். அதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் அவளைப் பார்த்தான்.

"இல்ல தம்பி. சுத்துது."

"டிவைஸ ரீஸ்டார்ட் பண்ணிடுவோம்."

அணைத்துப் போட்டார்கள். கம்பெனியின் சின்னம் வந்தது. பனைமரமும் அதன் கீழே கைகோத்த இரண்டு மனிதர்களும். நாலு நிமிடம் அந்த இரண்டு பேரும் கைகோத்தபடி நின்றார்கள். குணசுந்தரி புவனேசனின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து விசிறினாள்.

திரும்ப வட்டம் வந்தது.

"என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தரட்டுமா?" என்று குணசுந்தரி கேட்டாள். "எனக்கு லைன் நல்லாதான் இருக்கு."

"யாரு பேசுறது?"

"நோயாளியோட சம்சாரம்."

"அது கம்பெனி டேப்லட்டு, அக்கா. வெளி நெட்வொர்க் எல்லாம் பிளாக் பண்ணி வச்சிருக்கோம். செக்யூரிட்டி."

"அப்ப இதே போன்ல டாக்டரக் கூப்பிடுங்க. நான் மூஞ்சியக் காட்டுறேன்."

"நான் டெக்னிகல் மட்டும்தான்க்கா. டாக்டர் சைடு எனக்குத் தெரியாது. மொதல்ல பேசின அக்காகிட்ட கொடுங்க." பிரேமாவதி போனை நெருங்கினாள். "நெட்வொர்க் பேரத் தொடுங்க. 'ஃபர்கெட்'னு ஒண்ணு இருக்கும், அத அழுத்துங்க."

"அழுத்தினா அழிஞ்சிடாதா தம்பி?"

"அழியும். மறுபடி பாஸ்வேர்ட் போட்டா புதுசா வந்துடும். ஸ்டெப் ஃபோர் அதுதான்."

பிரேமாவதியின் விரல் கொஞ்சம் நின்றது. அழுத்தினாள். பெயர் காணாமல் போய்த் திரும்ப வந்தது. அதன் கீழே வெள்ளைக் கட்டம் ஒன்று திறந்தது.

"இப்ப பாஸ்வேர்ட போடுங்க."

"எனக்குத் தெரியாதே."

"உங்க கிளினிக் பாஸ்வேர்ட்தானேக்கா?"

"எங்களுக்குச் சொல்லல."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "ஓகே. பாஸ்வேர்ட் கிடைச்சதும் கூப்பிடுங்க. உங்க ரெஃபரன்ஸ் நம்பர எழுதிக்கிறீங்களா?"

பிரேமாவதி பதினோரு இலக்கத்தையும் எழுதிக்கொண்டாள்.

கடவுச்சொல் உதவி மேனேஜர் ஹேமநாதனிடம் மட்டும் இருந்தது. இருபத்தொன்பது வயது, அவன் அப்பாவும் ஒரு காலத்தில் தோட்டத்தில் குலை வெட்டியவர்தான், அதை இப்போது யாரும் அவனிடம் சொல்வதில்லை. மூன்றாவது அழைப்பில் எடுத்தான். பின்னால் சிரிப்பும் கரண்டி ஓசையும் கேட்டன.

"பாஸ்வேர்டா? அதெல்லாம் போன்ல கொடுக்க முடியாதுக்கா. போன தடவ ஒருத்தர்கிட்ட கொடுத்தோம், லயத்துப் பசங்க மொத்தமும் கிளினிக் படியில உக்காந்து படம் பாத்தானுங்க. நானே வந்து போடுறேன். இங்க ஆடிட் ஆளுங்க சாப்பிட்டுட்டிருக்காங்க. பத்து நிமிஷம்."

குணசுந்தரி போனை வாங்கினாள். "தம்பி, நான் புவனேசன் சம்சாரம். அவரு மூஞ்சே மாறிப்போச்சி. சொல்லுங்க, நான் எழுதக்கூட மாட்டேன்."

"எமோஷனலா பேசாதீங்கக்கா. ஸ்கிரீன்ல டாக்டர் பாத்தாத்தான் எமர்ஜென்சியா இல்லியான்னு தெரியும்."

"அப்ப வேன கொடுங்க."

"வேனுக்கும் அந்த ஸ்லிப்புதான்க்கா. பத்து நிமிஷம்னு சொன்னேன்ல?"

"பத்து நிமிஷம்தான சொல்றாரு," என்றான் புவனேசன் பெஞ்சிலிருந்து. "இரு. மூணாவது விழுந்துடும்."

அவள் இருந்தாள். பிற்பாடு அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இது: அந்தப் பத்து நிமிடம் அவளும் வீட்டைத்தான் நினைத்தாள். அடுப்படிக்குப் புதுத் தகரம் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

பத்து நிமிடம் இருபத்தைந்தானது. புவனேசன் வாந்தி எடுத்தான். எடுத்ததைத் தன் தொப்பியால் மூடினான், பிரேமாவதி பார்க்கக் கூடாதென்று. செல்லாயி கொப்புளக் காலோடு எழுந்து நின்றாள்.

"அடியே, இனிமே எந்த மயிருக்குக் காத்திருக்க? தூக்குடி!"

வேன் டிரைவர் ராமையா கிளினிக்குக்கு வெளியே டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். குணசுந்தரியைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"ஸ்லிப் வந்துச்சாம்மா?"

"வரல."

அவர் கையைக் காற்சட்டையில் துடைத்தார். கிளினிக் கதவைப் பார்த்தார். "ஏத்து," என்றார்.

வேனின் பின்னிருக்கையில் புவனேசன் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். சுங்கை லாலாங்கைத் தாண்டும்போது கண்ணைத் திறந்தான்.

"ஸ்லிப் வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"பத்திரமா வச்சிக்க."

சுங்கைப் பட்டாணிக்குள் நுழையும் முதல் சாலை விளக்கு சிவப்பாக இருந்தது. ராமையா ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்தார். அதற்குள் மடியிலிருந்த தலை கனத்துவிட்டது. அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர், வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார். ஒன்பது மணி என்றாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றேகால். "ஒன்பதா?" என்று மறுபடி கேட்டார்.

சாவு வீட்டுக்கு மேனேஜர் வந்தார். பெரிய மலர்வளையம் முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். காலணியைக் கழற்றாமல் வாசலோடு நின்றார். இரண்டு நிமிடம் கழித்துப் போனை எடுத்துப் பார்த்து, ஹேமநாதனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், "லயத்துல லைன் நல்லா கெடைக்குதே." பாக்கார் ஆராங்கிலிருந்து வந்திருந்த மகள் ரூபினியின் காதில் அது விழுந்தது. அவள் தண்ணீர்த் தட்டை நீட்டாமல் திரும்ப உள்ளே எடுத்துப்போனாள்.

ஹேமநாதன் பாஸ்வேர்டைப் போட்ட பிறகும் வட்டம்தான் சுற்றியதால், மறுவாரம் ஒரு டெக்னீஷியன் வந்தான். ஏணி பிடிக்க ராமையாவைக் கூப்பிட்டார்கள். டெக்னீஷியன் கிளினிக் டேப்லட்டைத் தொடவே இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே ஆபீசுக்குப் போனான், மேனேஜர் அறையில் மண்டியிட்டான், ஐந்தாவது நிமிடம் எழுந்தான். கிளினிக்குக்கு இன்டர்நெட் அனுப்பும் பெட்டியின் பிளக் கழற்றிக் கிடந்தது. அந்த ஓட்டையில் மேனேஜரின் புதிய மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் செருகியிருந்தது. தொட்டியில் ஒற்றை கெலிசா மீன், அதிர்ஷ்டத்துக்கு வளர்ப்பது, முழ நீளம். டெக்னீஷியன் கடைக்குப் போய் ஒரு நீட்டிப்பு வயர் வாங்கி வந்தான். இரண்டையும் செருகினான். கிளினிக்கில் டாக்டர் தோன்றினார்.

இதை ராமையா குணசுந்தரியின் வீட்டுக்கு வந்து, நின்றபடியே சொன்னார். ஸ்லிப் இல்லாமல் வேன் எடுத்ததற்குக் காரணம் காட்டச் சொல்லி வந்திருந்த கடிதத்தையும் நீட்டினார். லயத்துக்கு வரும் மலாய்க் கடிதங்களை எல்லாரும் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். அவள் பள்ளி முடிய, ஐந்தாம் படிவம்வரை படித்தவள். பதிலையும் அவளே எழுதினாள். 'நோயாளி இறந்துகொண்டிருந்தார்' என்று ஒரே வரி.

கம்பெனியின் விசாரணை அறிக்கை மூன்று பக்கம். அதன் நகலில் கையெழுத்துப் போட அவளைக் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். ஹேமநாதன் பேனாவைத் திறந்து கொடுத்தான். அவள் வாங்காமல் படித்தாள். காரணம்: பயனர் நெட்வொர்க்கை அழித்துவிட்டார். நடவடிக்கை: பயனர் மாற்றப்பட்டார். பிரேமாவதி அந்த வாரமே களைமருந்து அடிக்கும் கூட்டத்துக்கு அனுப்பப்பட்டிருந்தாள். குணசுந்தரி மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"மீனப் பத்தி இல்லியே, தம்பி."

"எந்த மீனு?"

"மேனேஜர் ரூம்புல இருக்கிறது."

அவன் காது மடல் சிவந்தது. "ரிப்போர்ட்ல எல்லாத்தையும் எழுத முடியாதுக்கா."

"உயிரோட இருக்கா?"

"எது?"

"மீனு."

"இருக்கு," என்றான்.

அவள் அறிக்கையை மடித்து மேசைமேல் வைத்தாள். கையெழுத்துப் போடவில்லை. அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடி அதன்மேல் வைத்தாள்.

அந்த நேரம் டேப்லட் மறுபடி நின்றது. பிரேமாவதியின் நீலக் கோட்டில் இப்போது உமாராணி இருந்தாள். பள்ளி முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். "சார், இது பாஸ்வேர்ட் கேக்குது," என்றாள். பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கையில் சுற்றியிருந்த துணி சிவப்பாகிக்கொண்டிருந்தது.

ஹேமநாதன் எழுந்து போனான். டேப்லட்டை இரும்புக் காலிலிருந்து கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். இடது கையைக் கூடாரம்போல் கவித்து அதற்குள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். அவன் சொல்வதற்கு முன்பே உமாராணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.