ஓனரம்மா

திருப்போரூருக்கு வெளியே, பிளாட் போட்டும் விலை போகாமல் கிடந்த மனைகளுக்கு நடுவே தகரக் கொட்டகை போட்டு நெய் வியாபாரம் நடத்தினான் ஜானகிராமன். வியாபாரம் என்றால் என்ன பெரிய வியாபாரம்? 'விளக்கேற்ற மட்டும்' என்று ஒட்டி வரும் மலிவு நெய் டின்னை வாங்குவது, உருக்கிக் கொஞ்சம் எசென்ஸ் விடுவது, பாட்டிலில் அடைத்து 'சுத்தமான பசு நெய்' என்று லேபிள் ஒட்டுவது. ஒட்டுவது அவன் பெண்டாட்டி லோகநாயகி. இதெல்லாம் வேண்டாம் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். "உன் வேலைய பாருடி" என்பதற்கு மேல் அவன் பதில் சொன்னதில்லை.

பொத்தேரியில் அவனிடம் நெய் வாங்கும் ஒரு மெஸ்ஸில் நெய்ச்சோறு தின்ற பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். மறுநாளே உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஹனியா போலீசோடு கொட்டகைக்கு வந்துவிட்டார். அரைகுறையாய் லேபிள் சுரண்டிய டின்கள் அப்படியே கிடந்தன. கையும் களவுமாக மாட்டியாயிற்று. மாதிரி எடுத்து சீல் வைத்த பிறகு ஹனியா கேட்டார்:

"இங்க யாரு ஓனர்?"

ஊரெல்லாம் நெய் முதலாளி என்று மார்தட்டித் திரிந்த ஜானகிராமன் இரண்டடி பின்னுக்குப் போனான்.

"அவங்கதான் மேடம். லைசென்ஸ் அவங்க பேர்லதான் கீது. நான் சும்மா லோடு எறக்குறவன்."

யாரைச் சொல்கிறான் என்று லோகநாயகி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. கல்யாணமான நாளாக 'வாடி போடி'யாகவே இருந்தவளுக்கு, அவன் வாயிலிருந்து 'அவங்க' வந்தது அன்றைக்குத்தான். ராசியானவள் என்று கொஞ்சி லைசென்ஸுக்குக் கையெழுத்து வாங்கியது இதற்குத்தானா? அவளுக்கு வயிறு எரிந்தது.

ஹனியா அவள் பக்கம் திரும்பினார். "அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்திக்கு இன்னும் நினைவு திரும்பல. கேஸ் உங்க மேலதான் வரும். ஜெயில் வரைக்கும் போகலாம். இது சாப்பிடுற நெய் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லச் சொல்லி ஜானகிராமன் கண்ணைக் காட்டினான். நினைவில்லாமல் கிடக்கும் பெண்ணுக்குத் தன் மகள் சிநேகா வயதுதான் இருக்கும் என்று தோன்றியது லோகநாயகிக்கு. அதற்கு மேல் பொய் வரவில்லை.

"தெரியும் மேடம். எங்க வூட்டுல இத தொடவே மாட்டோம். கடையிலதான் நெய் வாங்குவோம்."

"இன்னாடி ஒளர்ற? வாய மூடுடி! என்ன கேக்காம எவடி உன்ன பேசச் சொன்னது?" என்று பாய்ந்தான் ஜானகிராமன்.

ஹனியா எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"லோடு எறக்குறவர் ஓனரம்மாகிட்ட இப்படித்தான் பேசுவாரா? உங்க பேரு என்ன, சொல்லுங்க."

ஜானகிராமன் தன் பெயரை முணுமுணுத்தான். லோகநாயகிக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் ஹனியா அவள் பெயரை அடிக்கவில்லை. அதற்குக் கீழேயே அவன் பெயரையும் எழுதி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வீட்டுல பிள்ளைங்க இருக்கா? பாத்துக்க வேற யாராச்சும் இருக்காங்களா?"