பூதத்தின் உறுமல்

அந்த கேம் சிடி இருபத்து மூன்று வருடம் பழையது. விளிம்பிலிருந்து நடுவரை ஒரு கீறல். டிரைவ் அதைத் திணறித் திணறிப் படித்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது.

மூன்றாவது மாடி அறையில் இரண்டு பேர் இந்த வேலையைச் செய்தார்கள். அவளும், எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடும் அவளுடைய கூட்டாளியும். மூலப் பதிவுகளைத் தொலைத்துவிட்ட கம்பெனிகள் பழைய சிடிகளை அனுப்பும். பாட்டு, வெடி, காலடி, கதவுச் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, தூசு தட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

இந்த சிடி வீட்டு விவகாரம். மாளிகைக்குள் பூதம் துரத்தும் அந்த விளையாட்டுக்கு இசையும் சத்தங்களும் செய்தது அவளுடைய அண்ணன். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது அதே விளையாட்டு புது வடிவில் வரப்போகிறது.

"பாட்டை மட்டும் எடுத்துக் குடு, போதும். மத்த சத்தத்தை எல்லாம் நான் புதுசாவே பண்ணிக்கிறேன்" என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஒரு குழந்தைக் குரலும் தேவைப்படுகிறது என்று, பள்ளி விடுமுறையில் இருந்த அவளுடைய ஏழு வயது மகளைத் திங்கட்கிழமை தன் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

இன்று வியாழன். காலையில் மகள் போனில் பேசினாள்.

"அம்மா, மாமா என்னைப் பயப்படச் சொல்றாரு. எனக்கு வரவே மாட்டேங்குது."

"உனக்கு எப்படி வரும்? உன்னைப் பார்த்து நாங்கதான்டி பயப்படுறோம்."

"இன்னிக்கு வேற மாதிரி பண்ணலாம்னு சொல்லியிருக்காரு."

அவள் சிரித்துவிட்டு போனை வைத்தாள்.

மதியத்துக்குள் பாட்டுகள் முடிந்தன. அரைகுறையாக விட அவளுக்கு மனம் வரவில்லை. மற்ற சத்தங்களையும் திறந்தாள். இந்த மாதிரிப் பழைய கோப்புகளில், எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு இருக்காது. காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பாட்டுக்கு வைத்த வேகத்தைக் குறைக்க மறந்து அப்படியே ஓட்டிவிட்டாள். எல்லாம் நாலு மடங்கு வேகத்தில் வந்தன. கனத்த கதவு குருவிபோலக் கீச்சிட்டது. பூதத்தின் காலடி தடதடத்தது.

"பூதம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுது" என்றான் சோடாபுட்டி. "வேகத்தை மாத்து தாயே, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது."

"இரு, இது ஒண்ணைக் கேட்டுட்டு மாத்துறேன்."

அது பூதத்தின் மூன்றாவது உறுமல். விளையாட்டில் நாற்பது வினாடி நீளம். பத்தே வினாடியில் ஓடி முடிந்தது. ஆனால் அது கீச்சிடவில்லை. இயல்பான வேகத்தில் ஒரு குழந்தை பேசியது. அந்தக் குரலை நாலு மடங்கு மெதுவாக்கித்தான் உறுமல் செய்திருக்கிறார்கள்.

"அண்ணா, போதும்ணா. மூச்சு முட்டுது. திறண்ணா."

பலகையை உதைக்கும் சத்தம். வார்த்தைகளுக்கு நடுவே இழுப்பு. பிறகு மைக்குக்கு மிக அருகில் ஓர் இளைஞனின் குரல்: "இன்னும் கொஞ்சம் கத்து. இப்பதான் நல்லா வருது."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றினான். "யாரு இது?"

"என் தம்பி."

அந்த விளையாட்டு உருவான வருடம், தம்பி எட்டு வயதில் இறந்தான். ஆஸ்துமாக்காரன். அன்று அவள் பரீட்சை எழுதப் போயிருந்தாள், அப்பாவும் அம்மாவும் வேலைக்கு. பையன் அலமாரிக்குள் ஒளிந்து விளையாடியபோது தாழ்ப்பாள் விழுந்துவிட்டது, சாயங்காலம் வேலை முடிந்து வந்துதான் பார்த்தேன் என்றான் அண்ணன். யாரும் சந்தேகப்படவில்லை. எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் அவன்தான்.

அவள் அண்ணனை அழைத்தாள். நாலாவது மணியில் எடுத்தான்.

"குட்டி எங்க?"

"ரெக்கார்டிங் ரூம்ல. இன்னிக்குத்தான் ஒழுங்கா வருது."

"அவளை வெளிய விடு. நான் பூதத்தோட உறுமலைக் கேட்டேன்."



"எந்த வேகத்துல?" என்றான்.

அதற்குமேல் அவள் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள். பின்னால் சோடாபுட்டி வேறொரு போனில் போலீஸுக்கு அண்ணனின் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவன் நடிக்கிறான்னு நினைச்சேன்" என்றது போனில் அண்ணனின் குரல். "அதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவை அப்படித்தான் நடிச்சான்."

"கதவைத் திற. போனை வைக்காத. திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கணும்."

"இந்த டேக் முடியட்டுமே."

"போலீஸ் வந்துக்கிட்டிருக்கு. திற!"

அவள் டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இரும்புத் தாழ்ப்பாள் நகர்ந்தது. ரப்பர் ஒட்டிய கனத்த கதவு பிரியும் சத்தம் வந்தது.

"அம்மா?" மகளின் குரல் கரகரத்திருந்தது. "மாமா லைட்டை அணைச்சுட்டுப் பூட்டிட்டாரு. எவ்வளவு தட்டினேன் தெரியுமா?"

"போனை நீ வாங்கிக்கோ. வாங்கிட்டியா? நேரா வாசலுக்குப் போ. எதிர்ல மருந்துக்கடை இருக்குல்ல, அதுக்குள்ள போய் உட்காரு. அம்மா பத்து நிமிஷத்துல வந்துடுவேன்."

"செருப்பு?"

"வேண்டாம், போ."

வெறுங்கால்கள் தரையில் பட்டுப் பட்டுப் போயின. வாசல் கதவு. தெருவின் இரைச்சல். இருபது வருடமாகச் சத்தங்களைப் பிரித்துப் பழகிய காது, மகளின் காலடிக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் காலடியையும் பிரித்தது. அவசரமே இல்லாத நடை.

"குட்டி, பின்னாடி யாரு?"

"மாமா. கூடவே வராரு. மைக்கை நீட்டிக்கிட்டு வராரு."

தன் குரலில் நடுக்கம் தெரிந்தால் குழந்தை அழுதுவிடும். அந்த அழுகையைப் பதிவு செய்யத்தான் அவன் பின்னால் வருகிறான். முன் சீட்டைப் பிடித்திருந்த கையை அவள் இறுக்கினாள்.

"சரி கண்ணு" என்றாள், தினமும் பள்ளிக்கு அனுப்பும்போது பேசுகிற அதே குரலில். "வண்டி வருதான்னு ரெண்டு பக்கமும் பாரு. பார்த்துட்டியா? இப்ப ஓடு."